முக்கோணப் பனை: தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணில் நட்டு வளர்க்க முழு வழிகாட்டி

லேஅவுட் வாசல்களில் வரிசை கட்டி நிற்கும் ராயல் பாம், ஃபாக்ஸ்டெயில் போல எங்கும் கண்ணில் படும் மரம் அல்ல இது. நர்சரியில் 'ட்ரையாங்கிள் பாம்' என்று கேட்க வேண்டும். விலையும் மற்ற அலங்காரப் பனைகளைவிடக் கூடுதலாகவே இருக்கும். சாம்பல் பூத்த நீல ஓலைகள், மூன்றே திசையில் அடுக்கடுக்காக எழும் ஓலையடிகள், அவற்றின்மேல் துருப்பிடித்த நிறத்தில் மெல்லிய ரோமம் என்று தனித்து நிற்கும். நட்டு நான்கைந்து வருடம் வளர்த்துவிட்டால் வாசலில் வேறு அலங்காரம் வேண்டாம்.

இந்த மரம் வறட்சியில் சாவது அபூர்வம். தென்னைக்குச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்வதால்தான் பெரும்பாலும் சாகிறது. ஆழக் குழி, தினம் தண்ணீர், கூடை கூடையாக எரு, கூடவே ஒரு பிடி யூரியா. தென்னை இதையெல்லாம் தாங்கும், இது தாங்காது. ஏன் என்று தெரிய, இது எங்கே வளர்ந்த மரம் என்று முதலில் பார்த்துவிடலாம்.

மழை முடியும் இடத்து மரம்

இதன் தாயகம் மடகாஸ்கர் தீவின் தென்கிழக்கு மூலை. தோலஞாரோ என்ற துறைமுக ஊருக்கு மேற்கே, ரானோபிசோ என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள குறுகிய நிலப்பரப்பு. உலகில் வேறெங்கும் இது தானாக முளைப்பதில்லை.

அந்த மூலையில் அனோசி மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையின் கிழக்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடும். அங்கே அடர்ந்த மழைக்காடு. மலையைத் தாண்டினால் சில கிலோமீட்டரிலேயே காட்சி மாறிவிடும்: முள் தூண்களாக நிற்கும் அலுவாடியா மரங்கள், கள்ளியை நினைவூட்டும் வறண்ட முட்காடு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் எல்லைப் பட்டை உண்டு. முக்கோணப் பனை அந்தப் பட்டைக்கு உரியது. அண்டோஹாஹேலா தேசியப் பூங்காவின் மூன்று பகுதிகளில் மழைக்காட்டுப் பகுதி மட்டும் 63,100 ஹெக்டேர். இந்தப் பனைக்கான இடைப்பட்ட பகுதியோ வெறும் 500 ஹெக்டேர். அதற்குள்ளும் வெளியேயும் மேய்ச்சல் நிலத் தீ, கூரைக்காக ஓலை வெட்டுதல், விற்பனைக்காக விதை திரட்டுதல் எல்லாம் நடந்திருக்கின்றன. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இது அழிவாய்ப்புள்ள இனம்.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு இது எப்படிப் பொருந்துகிறது? நமக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கியது போக மிச்ச மழைதான். சரளை கலந்த செம்மண், கொளுத்தும் வெயில், கொஞ்சம் மழை, நீண்ட காய்ச்சல். இதெல்லாம் இந்தப் பனைக்குப் பழக்கமானவை. ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. அங்கே மழைக்காலம் வெப்பமான மாதங்களில், டிசம்பர் முதல் மார்ச் வரை. குளிர் மாதங்களில் மண் காய்ந்து கிடக்கும். நமக்கோ செப்டம்பர், அக்டோபரில் மழை உச்சத்துக்குப் போய், அந்த ஈரத்தோடேயே பனிக்காலத்துக்குள் நுழைகிறோம். குளிரும் ஈரமும் சேர்ந்த மண் இதன் வேர் அறியாத ஒன்று. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இந்த ஆபத்து இரட்டிப்பு. அரூர், பென்னாகரம், காவேரிப்பட்டணம் பக்கம் குறைவு. கீழே சொல்லப்போகும் குழி, மேடு, தண்ணீர் எல்லாமே இந்த ஒரு சிக்கலைச் சமாளிப்பதற்குத்தான்.

வாங்கும்போது

பெயர்ப் பலகையில் நியோடிப்சிஸ் டெக்காரி, டிப்சிஸ் டெக்காரி, கிரைசாலிடோகார்ப்பஸ் டெக்காரி என்று எது எழுதியிருந்தாலும் ஒரே மரம்தான். 1933-ல் முதல் பெயர், 1995-ல் இரண்டாவது, 2022-ல் மூன்றாவது. வேறு வேறு ரகம் என்று சொல்லி வேறு வேறு விலை சொன்னால் நம்ப வேண்டாம்.

சின்னச் செடியில் முக்கோணம் தெரியாது. இரண்டடிக்குள் இருக்கும் செடியைப் பார்த்து 'இது சாதாரண அரேகா மாதிரி இருக்கிறதே' என்று சந்தேகம் வருவது இயல்பு. ஏமாற்றுபவர்களுக்கும் அதுதான் வசதி. அடையாளம் காண மூன்று இடங்களைப் பாருங்கள். அரேகா ஒரே தூரில் பல தண்டுகளாகக் கிளைக்கும், இது எப்போதும் ஒற்றைத் தண்டு. அரேகாவின் ஓலைக்காம்பு மஞ்சள் ஓடும், இதன் காம்பில் சாம்பல் பூச்சு இருக்கும். ஓலையடியை விரலால் தேய்த்தால் பழுப்பு ரோமம் கையோடு வரும். இதே போன்ற ரோமத்தோடு 'டெடி பேர் பாம்' என்று ஒன்று விற்கிறது. அதன் கழுத்து, அதாவது ஓலையடிகள் தண்டைத் தழுவும் மேல்பகுதி, உருண்டையாக, செம்பழுப்பாக இருக்கும், ஓலைகள் மூன்று வரிசையில் வராது. அதுவும் நல்ல மரம்தான், ஆனால் கேட்டது அதுவல்ல.

பட்ஜெட் இடம் கொடுத்தால், முக்கோணம் தெளிந்து வரும் பருவத்தில், மூன்றடி உயரமாவது உள்ள செடியாக வாங்குங்கள். அப்போது நான்கு சோதனைகள்:

நடுக்குருத்தை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக மேலே இழுங்கள். உறுதியாக நிற்க வேண்டும். கொஞ்சம் நெகிழ்ந்து வந்தாலோ, புளித்த வாடை அடித்தாலோ அந்தச் செடி வேண்டாம்.

பையின் அடியைத் தூக்கிப் பாருங்கள். ஒன்றிரண்டு வேர் எட்டிப் பார்த்தால் நல்லது. தரைக்குள் இறங்கி, பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தால் அந்த வேர்கள் அறுந்துவிடும். செடி தேற ஆறு மாதம் பிடிக்கும்.

ஓலையின் அடிப்பக்கத்தில் பழுப்பு நிறச் செதில்கள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேறு செடி எடுங்கள், விலை குறைத்துத் தருகிறேன் என்றாலும்.

செடி எங்கே நின்றது என்று கேளுங்கள். பச்சை நிழல்வலைக்குள் வளர்ந்ததை நேராக வெயிலில் நட்டால் ஒரே வாரத்தில் ஓலை வெந்து வெளுத்துவிடும். முதல் வாரம் காலை வெயில் மட்டும், பிறகு வாரம் இரண்டு மணி நேரம் கூட்டி, மூன்று நான்கு வாரத்தில் முழு வெயிலுக்குப் பழக்குங்கள்.

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இந்த இனம் இருக்கிறது. மடகாஸ்கரிலிருந்து ஏற்றுமதியாகும் இதன் விதைகூட அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வரும். எனவே 'மடகாஸ்கர் ஒரிஜினல் விதை' என்று இணையத்தில் யாராவது விற்றால் விலகிவிடுங்கள். இங்கேயே விதை போட்டு வளர்த்த செடியை ரசீதோடு வாங்குவதே சரி.

இடமும் திசையும்

நாள் முழுக்க வெயில் விழும் இடம் வேண்டும். குறைந்தது ஆறு மணி நேரம். நிழலில் வைத்தால் ஓலை நீண்டு தொய்ந்து, நீலச் சாயல் போய், சாதாரணப் பச்சையாகிவிடும். முக்கோண வடிவமும் கலைந்து தெரியும்.

வளர்ந்த மரத்தின் ஓலை எட்டு முதல் பத்தடி நீளம். தோட்டத்தில் மரம் 20–25 அடி போகும். இதைக் கேட்டதும் 'சுவரிலிருந்து பத்தடி தள்ள இடமில்லையே' என்று கைவிட வேண்டாம். இந்த மரத்தில் ஒரு வசதி இருக்கிறது: ஓலை எந்தத் திசையில் போகும் என்பது நடும்போதே தெரியும். மூன்று வரிசைகளும் ஒன்றுக்கொன்று 120 பாகை விலகி நிற்கும். ஒரு வரிசை சுவரை நேராகப் பார்க்கும்படி நட்டால், எட்டடி ஓலை எட்டடியும் சுவரில் முட்டும். அதே செடியைத் திருப்பி, ஒரு வரிசை சுவருக்கு நேர் எதிரே, வெளிப்பக்கம் பார்க்கும்படி நட்டால், மற்ற இரண்டும் சாய்வாகப் பின்னால் போகும். சுவரை நோக்கி அவை நீள்வது பாதிதான், அதாவது நான்கடி. காம்பவுண்டிலிருந்து ஐந்தடி தள்ளி நட்டாலே போதும். நட்டபின் திருப்ப முடியாது. ஆகவே குழிக்குள் இறக்கியதும், மண் தள்ளும் முன், கேட்டருகே போய் நின்று ஒருமுறை பாருங்கள்.

எந்தப் பக்கம் அழகு என்று கேட்டால், முக்கோணத்தின் தட்டையான முகம் வாசலைப் பார்ப்பதைவிட ஒரு முனை வாசலைப் பார்ப்பதே நன்றாக இருக்கும் என்பது எங்கள் கருத்து. ஆனால் அந்த முனைக்கு நேரே நடைபாதை இருக்கக் கூடாது. ஓலைக்குத் தலை கொடுத்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும், அப்புறம் வீட்டில் யாராவது அரிவாளை எடுத்துவிடுவார்கள்.

தவிர்க்க வேண்டிய இடங்கள்: ஏரிக்குக் கீழே தண்ணீர் கசியும் நிலம், செப்டிக் டேங்க் ஓரம், மொட்டை மாடித் தண்ணீர் கொட்டும் குழாய்க்கு அடி, மாட்டுக் குப்பைமேட்டுக்கு அருகில். பட்டுப்போன தென்னையைத் தோண்டி எடுத்த குழியிலும் வைக்காதீர்கள். தஞ்சாவூர் வாடல் என்று சொல்லும் அடித்தண்டழுகல் பூஞ்சை அந்த மண்ணில் வேர்த்துண்டுகளோடு பல வருடம் கிடக்கும்.

நடுவதற்கு முன் தண்ணீர் சோதனை

நம் மாவட்டங்களில் பல மனைகளில் ஒன்றரை, இரண்டடி செம்மண்ணுக்குக் கீழே கெட்டியான சுக்காம்பாறை வந்துவிடும். அதில் மூன்றடி குழி எடுத்து நல்ல மண் நிரப்பினால், அது பாறையில் வெட்டிய தண்ணீர்த் தொட்டிதான். மேல்மண் காய்ந்து தெரியும், அடியில் வேர் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும்.

குழியை எடுத்ததும் ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். அது இறங்கியபின் மறுபடி அதே அளவு விடுங்கள். இரண்டாவது முறை விட்டது ஆறு மணி நேரத்துக்குள் இறங்கினால் அங்கேயே நடலாம். மறுநாள் காலை வரை கொஞ்சம் மிச்சமிருந்தால் கடப்பாரையால் அடிப்பாறையை நான்கைந்து இடத்தில் முக்காலடி பிளந்து, மறுபடி சோதியுங்கள். அப்போதும் நின்றால் குழியை மறந்துவிட்டு மேடு போடுங்கள்: ஒன்றரை அடி உயரம், ஆறடி விட்டம், ஓரம் சரிவாக. ஓசூர்ப் பக்கம் சோதனையில் தேறினாலும் ஓரடி மேடு போடுவது நல்லது.

இன்னொன்று சுண்ணாம்பு. தோண்டும்போது வெள்ளை வெள்ளையாகக் கற்கள் வந்தால், ஒரு கல்லின் மேல் பாத்ரூம் கழுவும் ஆசிட் ஒரு சொட்டு விடுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு. புது வீட்டைச் சுற்றிப் புதைந்து கிடக்கும் சிமென்ட் கலவைக் கட்டிகளும் இதே வேலையைச் செய்யும்: மண்ணின் பி.எச். (காரத்தன்மை) ஏறி, மாங்கனீசும் இரும்பும் வேருக்குக் கிடைக்காமல் போகும். இப்படிப்பட்ட மண் இருந்தால் அதை வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள், சலித்துத் திரும்பப் போட வேண்டாம். சந்தேகமாக இருந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ மாவட்ட மண் பரிசோதனை நிலையத்திலோ ஒரு மாதிரி கொடுத்துப் பார்த்துவிடலாம்.

குழியின் அளவு: அகலம் மூன்றடி, ஆழம் இரண்டடி. பனை வேர்கள் பக்கவாட்டில்தான் அதிகம் ஓடும், அதனால் ஆழத்தைவிட அகலத்துக்குச் செலவு செய்யுங்கள். கலவை இப்படி: மேல்மண் 6 சட்டி, பருமணல் 3 சட்டி, நன்றாக மக்கிய தொழுஉரம் 1 சட்டி, வேப்பம்புண்ணாக்கு அரை கிலோ. எரு இவ்வளவு குறைவா என்று தோன்றும். எரு அதிகம் போட்டால் அது மக்க மக்க மண் அமுங்கி, செடியும் கூடவே கீழே இறங்கிவிடும். பச்சைச் சாணமோ பாதி மக்கியதோ போட்டால் காண்டாமிருக வண்டின் புழுவும் சேர்ந்து வரும். பருமணலுக்குப் பதில் கிரஷர் தூசியைப் போடாதீர்கள். இரண்டு மழையில் சிமென்ட் போல இறுகிவிடும். தூசி கழுவிய எம்-சாண்ட் என்றால் சரி.

நடுதல்

ஜூன், ஜூலையே சரியான சமயம். மண் சூடாக இருக்கும், மழையும் மிதம். செப்டம்பர் மழைக்குள் வேர் பிடித்துவிடும். நவம்பர் முதல் ஜனவரி வரை நட வேண்டாம். சூடில்லாத மண்ணில் பனை வேர் நகராது.

1. முந்தின நாள் பையில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காய்ந்த மண்கட்டி உடையும், உடைந்தால் வேர் அறும்.

2. குழியில் கலவையைப் போட்டு மிதியுங்கள். தளர்வாக விட்டால் பிறகு செடி அமிழும். மண்கட்டியின் மேல்மட்டம் தரை மட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கும் அளவுக்கு அடியை உயர்த்துங்கள். குழியின் குறுக்கே ஒரு நேரான குச்சியை வைத்துப் பார்த்தால் சரியாகத் தெரியும்.

3. செடியைத் தண்டைப் பிடித்துத் தூக்கக் கூடாது. பையோடு அடியில் கை கொடுத்து இறக்கி, திசையைச் சரிபார்த்து, பிறகு பிளேடால் பையை இரண்டு பக்கமும் கீறி உருவுங்கள். சுற்றிக்கொண்ட வேரைப் பிரித்துவிட வேண்டும் என்று மற்ற மரங்களுக்குச் சொல்வதை இங்கே செய்யாதீர்கள்.

4. சுற்றிலும் கலவையைத் தள்ளி, பாதியில் ஒரு வாளி தண்ணீர் விட்டு காற்று போக்கி, மீதியை நிரப்புங்கள்.

5. பாத்தியைத் தண்டை ஒட்டிப் போட வேண்டாம். தண்டிலிருந்து ஓரடி தள்ளி வட்டமாக வரப்பு எடுத்து, தண்டைச் சுற்றிய நடுப்பகுதி மேடாகவும் அதைச் சுற்றி வளையமாகத் தண்ணீர் நிற்கும்படியும் செய்யுங்கள். மூடாக்கு போட்டால் அதுவும் தண்டிலிருந்து அரையடி தள்ளியே.

இங்கேதான் தென்னைப் பழக்கம் குறுக்கிடும். வறண்ட நிலத்தில் தென்னங்கன்றை இரண்டடி ஆழத்தில் வைத்து, வளர வளர மண் அணைப்பது வழக்கம். அதே கையால் இதையும் ஆழத்தில் வைத்துவிடுகிறார்கள். ஆழமாக நட்ட முக்கோணப் பனை உடனே சாகாது, அதுதான் சிக்கல். ஒரு வருடம் அப்படியே நிற்கும். பிறகு வரும் புது ஓலை சிறுத்து, சுருங்கி, தீய்ந்தது போல் வரும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் உரம் கொட்டுவார்கள். தண்டும் வேரும் சேரும் அடிப்பகுதி மண்ணுக்குள் மூச்சுமுட்டிக் கிடப்பது யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு மரம் உங்களிடம் இருந்தால், வேர் முளைக்கும் இடம் தெரியும்வரை சுற்றிலும் மூன்றடி வட்டத்துக்கு மண்ணை வாரி எடுங்கள், தண்ணீர் தேங்காமல் ஒரு பக்கம் வாய்க்கால் விடுங்கள்.

தண்ணீர்

நட்ட முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 15–20 லிட்டர். மழை பெய்த வாரம் வேண்டாம். அடுத்த ஒன்பது மாதம் வாரம் ஒருமுறை 30 லிட்டர். இரண்டாவது வருடத்திலிருந்து கோடையில், அதாவது மார்ச் முதல் மே வரை, வாரம் ஒருமுறை 60 லிட்டர். மற்ற மாதங்களில் மழை பார்த்து. நவம்பர் முதல் ஜனவரி வரை மண் இரண்டங்குலம் காயாமல் தொடவே வேண்டாம். விரலை விட்டுப் பார்க்கும் இரண்டு நிமிட வேலையைச் சோம்பலில் விட்டுவிட்டு டைமர் போட்ட சொட்டுநீரை நம்புபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். சொட்டுநீர் வைத்தால் மணிக்கு 8 லிட்டர் விடும் டிரிப்பர் நான்கை, தண்டிலிருந்து இரண்டடி தள்ளி நான்கு பக்கமும் வையுங்கள். இரண்டு மணி நேரம் ஓடினால் 64 லிட்டர்.

குருத்துக்குள் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். மூன்று வரிசை ஓலையடிகளும் கிண்ணம் போல அகன்று இருப்பதால் தண்ணீரும் குப்பையும் அங்கே தங்கும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை அந்த இடுக்குகளில் விழுந்த சருகைக் கையால் எடுத்துவிடுங்கள்.

போர்வெல் தண்ணீரில் உப்பும் ஃபுளோரைடும் இருப்பது இந்த இரண்டு மாவட்டத்துக்கும் புதிதல்ல. உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் விடுவதைவிட, அளவாக இடைவெளி விட்டு ஒரேயடியாக நனைப்பது நல்லது. உப்பு வேருக்குக் கீழே இறங்கும். ஓலை நுனி மட்டும் அங்குலக் கணக்கில் காய்ந்தால் பெரும்பாலும் உப்புதான் காரணம்.

உரம்: யூரியாவைவிடப் பொட்டாஷ் முக்கியம்

நம் செம்மண்ணில், குறிப்பாகச் சரளை மண்ணில், பொட்டாஷ் நிற்காது; மழையோடு இறங்கிவிடும். பனைகளுக்கோ தழைச்சத்தைவிடச் சாம்பல்சத்து, அதாவது இந்தப் பொட்டாஷ், அதிகம் தேவை. அலங்காரப் பனைகளுக்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் விகிதம் தழை 8, மணி 2, சாம்பல் 12, மெக்னீசியம் 4. கடையில் இந்த விகிதத்தில் மூட்டை கிடைக்காவிட்டாலும் தனித்தனியாக வாங்கிக் கலந்துகொள்ளலாம். ஓலை விரிவு சுமார் 100 சதுர அடி உள்ள மரத்துக்கு ஒரு தவணை:

யூரியா 60 கிராம்
சூப்பர் பாஸ்பேட் 45 கிராம்
சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 80 கிராம்
மெக்னீசியம் சல்பேட் 140 கிராம்

சுண்ணாம்பு மண்ணாக இருந்தால் யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட் 135 கிராம். பிப்ரவரி, ஜூன், ஆகஸ்ட், அக்டோபர் என்று வருடம் நான்கு தவணை. நட்டு ஆறு மாதம் வரை எதுவும் போட வேண்டாம். அதன்பிறகு இரண்டு வருடம் கால் பங்கு. மண் ஈரமாக இருக்கும்போது, ஓலை விரிவின் கீழ் பரவலாகத் தூவி, மறுபடி தண்ணீர் விடுங்கள். தண்டோரம் குவிப்பது வேரைச் சுடும். டி.ஏ.பி.யைக் கைநிறைய அள்ளிப் போடும் பழக்கம் இதற்கு ஆகாது. தழைச்சத்தால் ஓலை வேகமாக வரும், அதற்கு ஈடுகொடுக்கப் பொட்டாஷ் இல்லாமல் பழைய ஓலைகள் முன்னதாகவே காயும்.

குறை எங்கே தெரிகிறது என்பதைப் பாருங்கள். அடி ஓலைகளில் ஆரஞ்சுப் புள்ளிகள் விழுந்து நுனியிலிருந்து கருகினால் பொட்டாஷ் குறை. அடி ஓலையின் ஓரம் பளிச்சென்ற மஞ்சள் பட்டையாகி நடுவில் பச்சை நின்றால் மெக்னீசியம். இந்த இரண்டிலும் கெட்ட ஓலை திரும்பப் பச்சையாகாது. புது ஓலை சுத்தமாக வந்து மரம் முழுக்கத் தேற ஓரிரு வருடம் ஆகும். குருத்தோலையே சுருங்கித் தீய்ந்து வந்தால் மாங்கனீசு: மாங்கனீசு சல்பேட் லிட்டருக்கு 3 கிராம் கலந்து மாதம் ஒருமுறை, மூன்று மாதம் தெளியுங்கள், ஆனால் முதலில் நட்ட ஆழத்தையும் சுண்ணாம்பையும் பாருங்கள். ஓலை நுனி கொக்கி போல மடங்கினால் போரான்: 20 கிராம் போராக்ஸை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து வேர்ப்பகுதியில் ஊற்றுங்கள். அடுத்த ஆறு மாதத்துக்குத் திரும்பத் தர வேண்டாம். போரானில் குறைக்கும் நஞ்சுக்கும் இடையே இடைவெளி சிறிது.

ஓலை வெட்டுவது

முழுக்கப் பழுப்பான ஓலையை மட்டும் வெட்டுங்கள். பாதி மஞ்சளான ஓலை அசிங்கமாகத் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். அதிலுள்ள பொட்டாஷை மரம் உறிஞ்சிப் புது ஓலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதை வெட்டினால் அடுத்த அடுக்கு மஞ்சளாகும், அதையும் வெட்டினால் அதற்கடுத்தது. பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் கையோடு மரத்தையும் மொட்டையடிக்கும் வழக்கம் இந்த மரத்தைக் கழுத்து மெலிய வைத்துவிடும்.

காய்ந்த ஓலையின் அடி தானாகக் கழலும்வரை பிய்க்காதீர்கள். பச்சையில் உரித்த காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். கத்தியை ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பிளீச்சிங் கரைசலில் நனைத்துத் துடையுங்கள். ஓலை நுனிகளிலிருந்து தொங்கும் நீண்ட பழுப்பு நார்கள் நோயல்ல, இந்த மரத்தின் அடையாளம். பார்ப்பதற்கும் நன்றாகவே இருக்கும்.

பூச்சியும் அழுகலும்

காண்டாமிருக வண்டுதான் முதல் எதிரி. விரிந்த ஓலையில் கத்தரித்தது போல் 'வி' வடிவ வெட்டு தெரிந்தால், வண்டு குருத்தைக் குடைந்து சில வாரம் ஆகிவிட்டது. ஓலையடி இடுக்கில் மென்று துப்பிய நார் ஈரமாகத் தள்ளியிருக்கும். அந்தத் துளைக்குள் வளைத்த கம்பியை விட்டு வண்டைக் குத்தி எடுங்கள். தடுப்பாக, வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் 1:2 விகிதத்தில் கலந்து 150 கிராம், மேல் மூன்று ஓலைகளின் இடுக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இளஞ்செடியானால் பாச்சா உருண்டை மூன்றை இடுக்கில் வைத்து மணலால் மூடலாம், 45 நாளுக்கு ஒருமுறை. ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துச் சின்ன மண்பானைகளில் தோட்டத்து ஓரம் வைத்தால் வண்டு அதில் விழும். ஆனால் பக்கத்துக் குப்பைமேடு அப்படியே இருந்தால் இவையெல்லாம் பாதிப் பலன்தான். எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைக் கலந்துவிட்டால் புழுவிலேயே அடங்கும்.

கூன்வண்டு வந்தால் தண்டில் துளை, அதிலிருந்து பழுப்புச் சாறு, காதை வைத்தால் உள்ளே கறகறவென்ற சத்தம். குருத்து சாய்ந்த பிறகு கண்டுபிடித்தால் காப்பாற்றுவது கடினம். வெட்டித் துண்டாக்கி எரித்துவிடுங்கள், மற்ற மரங்களுக்காக.

செதில், மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு, மாலையில் ஓலையின் அடிப்பக்கம் நனையும்படி. நடுப்பகல் வெயிலில் அடித்தால் ஓலை வேகும். இதன் நீலச் சாம்பல் நிறம் மேலே படிந்த மெழுகுப் பூச்சால் வருவது. எண்ணெயை அடிக்கடி அடித்தால் அந்தப் பூச்சு போய்த் திட்டுத்திட்டாகப் பச்சை தெரியும். எனவே தேவைக்கு மட்டும். பக்கத்துத் தென்னையிலிருந்து சுருள் வெள்ளை ஈ வந்தால் வேகமாகத் தண்ணீர் அடித்துக் கழுவினாலே பெருமளவு போகும். கடும் பூச்சிக்கொல்லி அடித்தால் அதைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவியும் செத்து, ஈ இரட்டிப்பாகும்.

குருத்தழுகல் மழைக்கால முடிவில் வரும். நடுக்குருத்து வெளிறி, இழுத்தால் கையோடு வரும், துர்நாற்றம் அடிக்கும். அன்றே அழுகிய பகுதியை நல்ல வெள்ளைத் திசு தெரியும்வரை வழித்தெடுத்து, 10 சதவீத போர்டோ பசையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவி, மழை விழாதபடி மண்சட்டியைக் கவிழ்த்து மூடுங்கள். பக்கத்து மரங்களுக்கு காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் குருத்தில் ஊற்றுங்கள். வளர்முனை தப்பியிருந்தால் மூன்று நான்கு மாதத்தில் கோணலான ஓலை ஒன்று வரும். அடுத்ததும் அதற்கடுத்ததும் நேராகும். இந்தப் பனைக்கு வளர்முனை ஒன்றுதான், பக்கக் கிளை வராது.

விதையிலிருந்து வளர்க்க

ஒரே மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் இருப்பதால், ஒற்றை மரமும் காய்க்கலாம். அடி ஓலைகளின் இடுக்கிலிருந்து மஞ்சள் கலந்த பச்சைப் பூங்கொத்து வரும். பழம் தானாக உதிர்ந்தபின் எடுங்கள், பறிக்க வேண்டாம்.

சதையை அன்றே தேய்த்துக் கழுவுங்கள்; சதை ஒட்டியிருந்தால் பூஞ்சை வரும். விதையை வெயிலில் காயவைக்கக் கூடாது. ஒருநாள் தண்ணீரில் ஊறவையுங்கள், நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றி. தேங்காய்நார்த் தூளை மூன்று தண்ணீரில் அலசி உப்பு போக்கி, கையால் பிழிந்தால் சொட்டு விழாத அளவு ஈரத்தில், ஜிப் கவரில் விதையோடு போட்டு மூடுங்கள். 28 முதல் 32 பாகை சூடு வேண்டும். தருமபுரியில் ஏப்ரல், மே மாதம் வீட்டுக்குள் அலமாரி மேலேயே அது கிடைக்கும், ஓசூரில் ஃபிரிட்ஜின் மேலே அல்லது பின்னால் வைக்கலாம். வாரம் ஒருமுறை திறந்து பார்த்து, பூஞ்சை பிடித்த விதையை எடுத்துவிடுங்கள். ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் முளைக்கும். ஒன்றாக முளைக்காது, அவசரப்பட்டு மீதியைக் கொட்டிவிட வேண்டாம்.

முளை அரையங்குலம் வந்ததும் ஆழமான பைக்கு மாற்றுங்கள். அகலம் நான்கு அங்குலம் போதும், ஆழம் எட்டு அங்குலமாவது வேண்டும். விதை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில், வேர் கீழ்நோக்கி. மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நார்த்தூள் ஒரு பங்கு. முதல் வருடம் பாதி நிழல். இரண்டு மூன்று ஓலை வரும்வரை செடியோடு ஒட்டியிருக்கும் விதையைப் பிய்த்து எறியாதீர்கள். செடி அதைத்தான் தின்று வளர்கிறது.

தொட்டியில் வைப்பவர்களுக்கு

ஓசூர் அடுக்குமாடிகளில் பால்கனி, மொட்டை மாடியில் வைக்கலாம், ஆனால் நிரந்தரமாக அல்ல. 18 அங்குலத் தொட்டியில் தொடங்கி, இரண்டு வருடத்தில் 24 அங்குலம். அடியில் ஐந்தாறு துளை, தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம். தட்டில் நிற்கும் தண்ணீர் மறுபடி மேலே ஏறும். கலவை: செம்மண் 2, பருமணல் 2, மக்கிய எரு 1. மாதம் ஒருமுறை மழைத்தண்ணீரோ காவிரிக் குழாய்த் தண்ணீரோ அடித்துளை வழியே தாராளமாக வழியும்வரை ஊற்றி உப்பை வெளியேற்றுங்கள். மண்மேல் வெள்ளைப் படலம் தெரிந்தால் அரையங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போடுங்கள். தொட்டியை அடிக்கடி திருப்பி வைத்தால் ஓலைகள் வெயில் தேடிக் கோணும், மூன்று வரிசையும் கலையும். எனவே வாங்கி வந்த அன்றே தொட்டியில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கழுவ நகர்த்தினாலும் அதே திசையில் திருப்பி வையுங்கள்.